ஆறும் ஒரே செட்டு

கண்ணாடி கிளாஸைக் கையில் எடுத்தால் முதலில் அடியைத்தான் பார்க்க வேண்டும், மேடம். எல்லோரும் வாயைப் பார்க்கிறார்கள், பளபளப்பைப் பார்க்கிறார்கள். வயசு அடியில்தான் இருக்கிறது. எத்தனை வருஷம் மேஜையில் வைத்து எடுத்தார்களோ அத்தனை வருஷத்துக் கீறலும் அந்த அடிவட்டத்தில் இருக்கும். முடி மாதிரி மெல்லிசாக, ஒன்று இப்படிக்கு, ஒன்று அப்படிக்கு, கண்டபடி ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கிய கிளாஸில் கீறலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றுகிற அன்றைக்குப் பிள்ளைகள் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கும்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஹவால்தார் ஒருவர் அந்தக் கிளாஸ்களில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டும்போது தங்கக் கோட்டின் மேலேயே ஒட்டினார். நான் கம்பிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உரிக்கும்போது தங்கமும் கூட வந்துவிடும். அடியில் ஒட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்குள் ஒன்றைச் சொருக வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வாயில் சில்லு போனால் பிறகு அது வெறும் கிளாஸ்.

கீதா மேடம், நீங்கள் தமிழ் ஆளாக இருந்தது என் நல்ல நேரம். உனக்கு வருகிற மாதிரி தமிழிலேயே எழுதிக் கொடு என்றீர்கள். எனக்கு எழுத்து வந்ததே நாற்பதைத் தாண்டித்தான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் திருத்தக் கூடாது. கைப்பற்றிய சாமானை எழுதுகிற பஞ்சநாமாவில் 'பச்சை கிளாஸ் ஐந்து, வேறு ஒன்று' என்று போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது தப்பு. ஆறு. ஆறும் ஒரே செட்டு. பாகீரதி மாமி இறந்துபோனதைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

என் பெயர் சுயம்பு. பிறந்தது நாங்குநேரிப் பக்கம், தலை நரைத்தது தாராவியில். வேலை, மால் ஏற்றுவதும் இறக்குவதும். டெம்போ மேலே ஒருவன் நின்று வீசுவான், கீழே ஒருவன் நின்று பிடிப்பான். நானும் வேல்ராஜும் ஜோடி. வீச்சு அவனுடையது, பிடி என்னுடையது. செங்கல், ஓடு, சோப்புப் பெட்டி என்று நான் பிடிக்காத சாமான் இல்லை. கை தானாகப் போகும். போகட்டுமா என்று என்னைக் கேட்காது. எங்களை வேலைக்கு அனுப்புகிற முகாதம் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். "மாலப் பாரு. ஆளப் பாக்காத."

ஒருமுறை வேல்ராஜ் பலகை சறுக்கி, கையில் டைல்ஸ் பெட்டியோடு மேலேயிருந்து வந்தான். நான் பெட்டியைப் பிடித்தேன். அவன் தரையில் மல்லாக்கக் கிடந்தபடியே, "டைல்சு ஒடையலையேல?" என்று கேட்டான்.

"ஒரு மூலகூட போகல," என்றேன்.

"அப்பச் சரி. என்னத் தூக்கி விடு."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். முகாதம் ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் வேலையில் இதில் கோபப்பட ஒன்றும் கிடையாது. ஆள் எழுந்து நிற்பான். டைல்ஸ் எழுந்து நிற்காது.

மாட்டுங்காவில் பழைய கட்டடங்களை இடித்து டவர் கட்டுகிறார்கள் அல்லவா, அங்கிருந்து வீடு காலி செய்கிற வேலை வர ஆரம்பித்தது. காலி செய்கிறவர்கள் பித்தளையை எடுத்துக்கொள்வார்கள், எவர்சில்வரை எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடியை யாரும் சீந்துவதில்லை. "கொண்டுபோப்பா, உனக்கு ஆகுமானா வெச்சுக்கோ" என்று என் கையில் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒரு நீல ஜக் கிடைத்தது. அதை வேட்டியில் சுற்றிக்கொண்டு செம்பூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் அல்தாப் பாயிடம் போனேன். அவர் பேச்சு பாதி ஹிந்தி, பாதி எங்கள் ஆட்களிடம் பழகிய தமிழ். ஜக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"அரே சுயம்பு பாய், இதுக்கு இன்னும் பால்பல்லே விழல. உல்லாஸ்நகர் மார்க்கெட்ல தட்டு தட்டா வெச்சிருக்கான்."

எனக்கு வெட்கமாக இல்லை. ஒரு சாமானைக் கவிழ்த்துப் பார்த்தே அதன் வயசைச் சொல்ல முடியும் என்பது அவ்வளவு குஷியாக இருந்தது. அதற்குப் பிறகு வேலை இல்லாத நேரமெல்லாம் அவர் கடைதான். ஊதிச் செய்த கிளாஸுக்கு அடியில் தொப்புள் இருக்கும், மேடம். ஊதுகிற குழாயிலிருந்து கிளாஸைப் பிரித்தபின் அடியில் பிடித்திருந்த கம்பியை ஒடித்தெடுத்த தழும்பு அது. நல்ல வேலைக்காரன் அதைத் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பான், விரல் வைத்தால் சின்னக் குழி தெரியும். அச்சில் வார்த்ததற்குத் தொப்புள் கிடையாது, விலாவில் தையல் ஓடும். தங்கக் கோடு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். உதடு படுகிற இடத்தில் தேய்ந்திருந்தால் அது குடித்துத் தேய்ந்தது. சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் யாரோ உட்கார்ந்து தேய்த்தது.

பிறகு ஒரு நாள் அல்தாப் பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை ஒரு பச்சைத் தட்டின் மேல் அடித்தார். தட்டு எரிந்தது. நெருப்பு இல்லாமல், சூடு இல்லாமல், எலுமிச்சம்பழத்துக்குள் விளக்கு வைத்த மாதிரி எரிந்தது. அந்தக் காலத்தில் சீமையில் கண்ணாடி காய்ச்சும்போது நிறத்துக்காக ஒரு சிட்டிகை யுரேனியம் போடுவார்களாம். போட்டவன் செத்து மண்ணாகிவிட்டான், அது இன்னும் எரிகிறது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று காரணமில்லாமல் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் பையை மாற்றுக் கைக்குக் கொண்டுபோனாள்.

வேல்ராஜிடம் சொன்னபோது, "ஏல, டிராம்பே அணு ஆபீசுக்காரன் மோப்பம் புடிச்சி வந்துரப் போறாம்ல" என்றான். "அணுகுண்டுல டீ குடிக்கப்போறியா? நீ குடி. குடிச்சிட்டு ராத்திரி சந்துல முன்னால நட. கார்ப்பரேசன் லைட்டு எரியாட்டா எங்களுக்கு ஒதவும்."

நானும் ஒரு டார்ச் வாங்கினேன். கண்ணில் பட்டதில் எல்லாம் அடித்துப் பார்த்தேன். வெளுத்த சட்டை நீலமாக மின்னும், ரூபாய்த் தாளில் நூல் மின்னும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு அலமாரிக் கிளாஸில் அடித்துக்கொண்டிருந்தபோது என் பெண்டாட்டி முப்பிடாதியம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து என் மொகத்த ஒரு நா இப்படி வெளக்கடிச்சுப் பாத்திருக்கியளா?"

அடித்தேன். இருட்டில் அவள் பல் மட்டும் நீலமாக வந்தது.

"ஒரிஜினல்தான்," என்றேன்.

"ஒங்க மூளைல அடிச்சுப் பாருங்க. ஒண்ணும் தெரியாது, வெறும் இருட்டுதான் கெடக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அந்த நாட்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பாகீரதி மாமி வீடு மாட்டுங்காவில் மூன்றாவது மாடி. லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். மாமா வேங்கடசுப்ரமணியன் காலமான பிறகு மாமி தனி. மகள் ஹரிதா தாணேயில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அம்மாவுக்கு ஃபிளாட் பார்த்திருந்தாள். மாமி வீட்டை ஒரேயடியாகக் காலி செய்யவில்லை. இன்றைக்கு ரெண்டு டிரங்குப் பெட்டி, அடுத்த வாரம் ஒரு உரல் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். என்னைத்தான் கூப்பிடுவார். "சுயம்பு கை பட்டா ஒரு சாமான் நசுங்காது, கேட்டியோ" என்று கீழ் வீட்டு மாமியிடம் சொன்னதைப் படியில் இறங்கும்போது கேட்டிருக்கிறேன்.

கூடத்தில் உயரமான ஷோகேஸ். அதன் மேல்தட்டில் ஐந்து கிளாஸ் நின்றது. பச்சை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. இடுப்பு ஒடுங்கி, வாய் விரிந்து, விளிம்பில் தங்கக் கோடு. மாமாவின் ஆபீஸில் இருந்த வெள்ளைக்கார துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்ததாம். மாமி பூஜை அறையில் இருந்த ஒரு சாயங்காலம், கூடத்தில் இன்னும் விளக்குப் போடாத நேரம், கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தே டார்ச்சை அடித்தேன். ஐந்தும் எரிந்தன. உள்ளே மாமி மணி ஆட்டிக்கொண்டிருந்தார். நான் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வேலையாக வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க மாமி ஒரு கிளாஸ் தனியாக வைத்திருந்தார். அடுக்களை ஜன்னல் திட்டில் இருக்கும். எனக்கு அதில்தான், எலெக்ட்ரிக் ஆளுக்கும் அதில்தான். மாமி காபி தருவதில் கணக்குப் பார்க்கிறவர் இல்லை, நுரை பொங்க விளிம்பு வரை ஊற்றுவார். ஆனால் அந்தக் கிளாஸ் ஜன்னலைத் தாண்டி உள்ளே போகாது. நானே கழுவி நானே கவிழ்க்க வேண்டும். இது எங்களுக்குப் புதிதில்லை, மேடம், உங்களுக்கும் தெரிந்ததுதான். ஷோகேஸில் டார்ச் அடித்ததற்கு மறுமுறை போனபோது தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்தேன். உப்புத்தண்ணீர் பட்டுப் பட்டு வெள்ளையாகப் படலம் பிடித்திருந்தது. படலத்துக்குக் கீழே பச்சை. இடுப்பு ஒடுங்கி, வாய் விரிந்து. தங்கம் இருந்த இடத்தில் ஒரு நிழல்.

ஆறாவது.

எப்படி வெளியே வந்திருக்கும் என்று எனக்கு உடனே விளங்கியது. என்றைக்கோ ஒரு நாள் அவசரத்தில் என்னை மாதிரி ஒருவனுக்கு அதில் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். அவன் வாய் வைத்துவிட்டான். அதோடு அதை ஊர்விலக்கு வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது சிரிப்பு. யாராரோ தேடுகிற சாமானில் நானும் எலெக்ட்ரிக் ஆளும் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கிறோம்.

அல்தாப் பாயிடம் ஓடினேன். அவர் கல்லாவை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அஞ்சு இருந்தா அது அஞ்சு கிளாஸ், பாய். ஆறு இருந்தாத்தான் செட். வெலயே வேற, மரியாதயே வேற. அந்த ஆறாவதுல டார்ச் அடிச்சியா?"

"அடுக்களைல வெயில் அடிக்குது, டார்ச்சு தெரியாது. தெனமும் தண்ணி குடிக்கிற கிளாசுக்கு டார்ச்சு என்னத்துக்கு?"

"கண்ண நம்பாத. டார்ச்ச நம்பு."

"என் கண்ணு தப்பாது பாய்."

"நீல ஜக்கு கொண்டாந்த கண்ணுதான அது?" என்று அவர் மறுபடி தொப்பையைக் குலுக்கினார்.

நான் விற்க நினைக்கவில்லை. யாரும் நம்ப மாட்டேன் என்கிறீர்கள், ஆனால் நான் விற்க நினைக்கவில்லை. அந்த ஆறும் ஒரே வரிசையில் நிற்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். ஜன்னல் திட்டில் கிடந்தது உள்ளே போய் மற்றதோடு தோளோடு தோள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த நினைப்பு வந்ததிலிருந்து மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்கவில்லை. சிமெண்டு மூட்டை தலகாணி மாதிரி இருந்தது. வயிற்றுக்குள் யாரோ சோடா திறந்துவிட்ட மாதிரி எப்போதும் ஒரு பொங்கல். வேல்ராஜ் என் வாயை மோந்து பார்த்தான். "ஒண்ணும் அடிக்கலியே. பின்ன என்னத்துக்குல இப்படிப் பல்ல இளிக்க?"

மாமி தாணேக்குப் போகிற நாள் வந்தது. அன்றைக்கு அங்கே பால் காய்ச்சுகிறார்கள் என்று அரக்குப் பட்டு கட்டியிருந்தார். வீட்டில் ஷோகேஸும் ஒரு ஸ்டூலும் கடைசி ரெண்டு மூட்டையும்தான் பாக்கி. வேல்ராஜ் கீழே டெம்போவில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் வந்ததுமே அடுக்களைக்குப் போய், மிச்சம் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஜன்னல் கிளாஸைத் தேய்த்து வைத்திருந்தேன். படலம் போய்ப் பச்சை வந்திருந்தது.

"அந்தக் கிளாசெல்லாம் நான் எறக்கட்டுமா மாமி?"

"வேண்டாம்டா. அது மட்டும் என் கையால எடுத்து, கார்ல மடியிலயே வெச்சுண்டு போயிடறேன். நீ ஸ்டூலப் பிடிச்சுக்கோ. நன்னாப் பிடி, ஆடறது."

பிடித்தேன். மாமி ஏறி நின்று, ஒவ்வொன்றாக எடுத்துத் தலைப்பால் துடைத்து, கீழ்த்தட்டில் வரிசையாக வைத்தார். நாலு வைத்தாயிற்று. ஐந்தாவது கையில் இருந்தது. "ஒரு நிமிஷம் மாமி, அப்படியே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஆறாவதைக் கொண்டுவந்தேன். அந்த நாலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அத எதுக்குடா இங்க கொண்டு வந்தே?"

"ஒரு வேடிக்க காட்டட்டுமா?"

கூடத்து ஜன்னல் மரக்கதவு எல்லாவற்றையும் சாத்தினேன். கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது.

"என்னடா, மாஜிக்கா? எண்பது வயசுக் கெழவிய ஸ்டூல் மேல நிறுத்தி வெச்சுண்டு வெளையாட்டு வேற," என்று மேலேயிருந்து மாமி சிரித்தார். "எங்கடா இருக்கே? பிடிச்சுக்கோ முதல்ல."

ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டார்ச்சை அவர் கையில் இருந்த கிளாஸில் அடித்தேன். அது எரிந்தது. மாமி மூச்சை இழுத்தது கேட்டது. பிறகு ஒரு சின்னப் பெண் மாதிரி குரல் வந்தது.

"ஐயோ, என்னடா இது. கையில நெலாவப் பிடிச்சுண்டு நிக்கறாப்பல இருக்கே. இத்தன வருஷம் இது என் ஆத்துலயா இருந்தது? மாமா பாத்திருந்தா குதிச்சிருப்பார்டா." ஸ்டூல் ஆடுகிற அளவுக்கு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் ஒருத்தருக்கு இவ்வளவு சந்தோஷம் நான் கொடுத்ததில்லை. அந்த நேரத்தில் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி இருந்தோம்.

"கீழ பாருங்க மாமி," என்று டார்ச்சை வரிசையின் மேல் ஓட்டினேன். முதலாவது எரிந்தது. அடுத்தது எரிந்தது. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. கடைசியில் டார்ச்சில் பேட்டரி குறைந்துவிட்டது. ஆறாவது தெரியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து ஓட்டினேன். ஆறாவதுக்கு வரும்போது மட்டும் பேட்டரி குறைந்தது.

மாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "அது எரியாதுடா அசடே. அது செட்டு இல்ல. கல்யாணமான புதுசுல மாமா ஒண்ண ஒடச்சுட்டார். நேக்குத் தெரியப்படாதுன்னு லோஹார் சால் கடைத்தெருவுக்கு ஓடி, அதே மாதிரி ஒண்ணத் தேடி வாங்கிண்டு வந்து வெச்சார். கையில எடுத்த அன்னிக்கே நேக்குத் தெரிஞ்சுது. கடைசி வரைக்கும் நான் சொல்லல, அவர் கேக்கல. உள்ள வெக்கவும் மனசில்ல, தூக்கிப் போடவும் மனசில்ல, அதான் ஜன்னல்ல." பிறகு குரல் கனிந்து, "இத்தன நாளா அத செட்டுன்னா நெனச்சிண்டிருந்தே? பாவம்டா நீ. எடுத்துண்டு போ, சந்தோஷமாக் குடுக்கறேன். அது உங்களுக்குள்ளதுதானே."

மாமி நல்லவர். கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் வயசானவர்களுக்கு ஞாபகம் மாறும், எந்தக் கிளாஸ் எந்த வருஷம் என்பதெல்லாம் குழம்பும். அல்தாப் பாய்கூட எழுபதுக்கு மேற்பட்டவர்கள் சொல்கிற வரலாற்றை நம்பாதே என்பார்.

அப்போதுதான் ஸ்டூல் சாய்ந்தது.

அந்த இருட்டில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, மேடம். பச்சையாக எரிந்துகொண்டு மேலேயிருந்து ஒரு கிளாஸ் வந்தது. மாமி எரியவில்லை. பட்டு மின்னாது. வாயில் இருந்தது பல்செட்டு, அதுவும் மின்னவில்லை. தெரிகிறதைத்தானே பிடிக்க முடியும். கை தானாகப் போனது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். வேல்ராஜ் பார்த்திருந்தால் விசில் அடித்திருப்பான், அப்படி ஒரு பிடி. பக்கத்தில் வேறு ஒரு சத்தமும் கேட்டது.

டார்ச் எங்கே அடித்துக்கொண்டிருந்தது என்று நேற்று கேட்டீர்கள். கிளாஸ் மேல்தான். கீழே ஆறாவதின் மேல் அடித்துக்கொண்டிருந்தது எப்போது மேலே போனது என்றும் கேட்டீர்கள். ஸ்டூல் சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் போனது. எங்கிருந்து வரும் என்று தெரிந்தால்தான் பிடிக்க வசதி. ஸ்டூல் தானாகச் சாய்ந்தது என்று முதலில் சொன்னேன். பிறகு கை நழுவிவிட்டது என்றேன். ரெண்டும் சரியில்லை. இழுத்தேன். பலமாக இல்லை. ஒரு மூட்டையை வண்டி ஓரத்துக்கு நகர்த்த எவ்வளவு இழுப்போமோ அவ்வளவுதான்.

ஜன்னலைத் திறந்து, பிடித்த கிளாஸின் விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை. மாமி ஷோகேஸின் காலடியில் கிடந்தார். தலை மூலையில் பட்டிருந்தது. கண் திறந்துதான் இருந்தது. "சுயம்பு, தண்ணி" என்றார்.

"இந்தா வந்துட்டேன் மாமி," என்றேன்.

படியில் வேல்ராஜ் குரல் கேட்டது. "ஏல, என்னல சத்தம்?"

வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். "ஸ்டூலு விழுந்துட்டு. ஒண்ணுமில்ல. ரத்திக் கடைல கொஞ்சம் பழைய பேப்பர் வாங்கிட்டு வா, கண்ணாடி சுத்தணும்."

"மாமி எங்க?"

"படுத்திருக்காவ."

"பால் காய்ச்சப் போற நாளும் அதுவுமா? கார் வந்து நிக்கி."

"அசதி. சத்தம் போடாதல. தமிழ்ப் பேப்பரா வாங்கு, மை ஒட்டாது."

"ஆமா, ஒக்காந்து படிக்கப் போற," என்று அவன் இறங்கிப் போனான்.

ஆம்புலன்ஸுக்கு அனுப்பாமல் பேப்பருக்கு ஏன் அனுப்பினாய் என்று நீங்கள் கேட்டபோது உங்கள் குரல் மாறியது. அவன் திரும்பிவந்து பார்த்துக் கத்தியதும், அவனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும், உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதும் எல்லாம் நடந்ததுதான். ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் ஆட்கள் வருவார்கள், ஸ்டிரெச்சர் வரும், அந்தச் சின்னக் கூடத்தில் ஒருத்தர் முழங்கை பட்டால் போதும். மால் முதலில் பத்திரமாக இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் எங்கள் வேலையில் அப்படித்தான் செய்வார்கள்.

தண்ணீர் கொடுக்காமல் இல்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறாவது கிளாஸில்தான் கொடுத்தேன். தலையைத் தூக்கிப் பிடித்து விளிம்பை உதட்டில் வைத்தேன். கொஞ்சம் உள்ளே போனது, மிச்சம் கழுத்தில் வழிந்தது. எங்கள் வாய் பட்டுத்தானே அது வெளியே போனது. இப்போது அவர் வாயும் பட்டுவிட்டது. இனி அதை உள்ளே வைக்க ஒரு தடையும் இல்லை. கழுவித் துடைத்து, அந்த ஐந்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜன்னல் வெயிலில் ஆறும் ஒரே வரிசையில் நின்றன. மேடம், நான் எழுதிக்காட்டினால் உங்களுக்குப் புரியாது. எனக்குக் கால் தரையில் இல்லை. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. மாமி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு மனசில் ஒரு சந்தேகம் இருந்தது அல்லவா, அதை அப்படியே விட்டுவிட எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரியை நம்ப வேண்டாம், காதை நம்பலாம். ஒரே உலையில் ஒரே கை ஊதிய கிளாஸ் எல்லாம் ஒரே குரலில் பேசும். மாமிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு கிளாஸின் விளிம்பிலும் நகத்தால் மெல்லச் சுண்டினேன். ஐந்தும் கோயில் மணி ஓய்கிற மாதிரி நீளமாகப் பாடின. ஆறாவதைச் சுண்டினேன். அது சுருக்கமாகச் சொன்னது. தண்ணீர் ஈரம் இன்னும் காயவில்லை, அதனால்தான்.

"கேட்டீங்களா மாமி, ஆறும் ஒண்ணுதான?" என்றேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை.